வழிவழி மரப்பொருள்: ஒரு தடியை முன்வைத்து

வழிவழி மரப்பொருளுக்கு இலக்கணம் மூன்று. உறவினர்க்கே சேர வேண்டும். பரணில் இருக்க வேண்டும். எடுத்துப் புழங்க எவர்க்கும் துணிவு வரலாகாது. செஞ்சந்தன மரப்பாச்சி இவற்றுள் தலையாயது. மணப்பெண்ணோடு புகுந்தகம் சென்று, நவராத்திரியில் கொலுப்படி ஏறி, எஞ்சிய நாளெல்லாம் பழைய வேட்டிக்குள் துயில்வது. பல்லாங்குழி ஆடப்படுவதால் இடைப்பட்டது. மத்து நாள்தோறும் மோரில் முங்குவதால் கணக்கில் வாராது.

செங்கம் சாலையை ஒட்டிய ரமணாசிரமப் பகுதி இவ்வியலில் தனி அதிகாரம் பெறும். 1896இல் திருவண்ணாமலை வந்தடைந்த ரமண மகரிஷி, கைத்தடி இழைப்பதிலும் சிரட்டையை மெருகேற்றுவதிலும் கைதேர்ந்தவர். வேலூர் ஊரிசுக் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி, பயன் கருதாச் செயல் யாது என்று ஒருமுறை வினவினார். விடை வரவில்லை. பின்னர் மலைப்பக்கம் உலாவுகையில் வழியில் ஒரு முட்கம்பு கிடந்தது. மகரிஷி அமர்ந்து முள்ளைச் சீவினார், கணுவை மழித்தார், சொரசொரப்பான இலையால் தேய்த்தார். ஏறத்தாழ 6 மணி நேரம் ஆயிற்று. முள்ளுக்கு எவ்வளவு, கணுவுக்கு எவ்வளவு என்ற பகுப்பு பதிவாகாதது இத்துறைக்குப் பேரிழப்பு. உப்புத்தாளுக்கு முன்பு தச்சுத்தொழிலை ஆண்ட பராய் இலையே அவ்விலை எனக் கொள்ள இடமுண்டு, வற்புறுத்த இடமில்லை.

தடி பளபளத்து முடிந்தபின், கோலைத் தொலைத்த இடைச்சிறுவன் ஒருவன் எதிர்ப்பட்டான். தடி அவன் கைக்குப் போயிற்று. மகரிஷி மேலே நடந்தார்.

வகைப்பாடு இங்கே இடறுகிறது. அருணாசலத்தையே தந்தையாகக் கொண்டவருக்கு அம்மலையில் ஆடு மேய்ப்பவன் பங்காளி ஆவான் எனலாம். பங்காளியாயின் பாகத் தகராறு எழுந்திருக்க வேண்டும், எழவில்லை, ஆகவே பங்காளி அல்லன். மேலும், முந்தைய கோலைத் தொலைத்தவன் என்பது ஐயமற நிறுவப்பட்ட ஒருவனிடம் மரபுச்சொத்தை ஒப்படைப்பது எந்தப் பாகப்பிரிவினை முறைக்கும் ஒவ்வாது. பரண் அவனுக்கு இருந்ததா என்றும் விசாரிக்கப்படவில்லை.

உடைமை குறித்து மகரிஷியின் ஒப்பம் பெற்ற ஆவணம், ஆசிரம நிர்வாகத்துக்கென 1938இல் எழுதப்பட்ட உயில். கையெழுத்திட வேண்டிய இடத்தில் அவர் ஒரு கோடு மட்டும் இழுத்தார். அது ஒப்பமா, தடியின் படமா என்னும் ஆய்வு இன்னும் தொடங்கப்பெறவில்லை.

பண்டிதர் தம் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதாகக் கொண்டார். தடியின் நீளத்தை அவரும் அளக்கவில்லை.