திரைக்கயிறு பிடித்தவன்

பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரை என்பது தனிக் கலை. சிறப்பு விருந்தினர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பந்தல்காரர், மைக் செட்காரர், கட்டபொம்மனாக முழங்கிய பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு மாணவன் என்று வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருபவர், மூச்சு முட்டும் இடத்தில் “மற்றும் உதவிய அனைவருக்கும்” என்று முடித்துவிடுவார். அந்த ‘மற்றும்’ என்பதற்குள் அடங்கிப் போனவன்தான் மேடைக்குப் பின்னால் நின்ற பையன். படுதாவைத் தூக்கியவன், அட்டைக் கிரீடத்துக்கு ஜிகினாத் தாள் ஒட்டியவன், தகரத்தை உலுக்கி இடி இடிக்க வைத்தவன். விவரம் தெரிந்த பெரியவர்கள் அவனைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள்: பாவம், மாடாய் உழைத்தான், ஒரு கைதட்டல் உண்டா? அவனுக்கு இந்த அனுதாபம் தேவையே இல்லை. பள்ளிக்கூடத்திலேயே கர்வம் மிகுந்த பிள்ளை அவன்தான். அந்தக் கர்வம் அவனுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது என்பதற்குச் சான்றுகள் உண்டு.

நடிக்க வராதவன்தானே அங்கே போகிறான் என்பது முதல் ஆட்சேபம். வரும்போது அப்படித்தான் வருகிறான், மறுப்பதற்கில்லை. சக்தி கிருஷ்ணசாமியின் நாடகம் 1959இல் சிவாஜி கணேசன் நடிக்கப் படமாக வந்ததிலிருந்து, நம் பள்ளிகளில் கட்டபொம்மன் வேடத்துக்கு ஆள் பஞ்சம் கிடையாது. பவுடரை அப்பிக்கொண்டு ஜாக்சன் துரையாக நிற்கவும் ஒருவன் சம்மதித்துவிடுவான். மிச்சமுள்ளவர்கள் படைவீரர்கள். அவர்களிலும் ஈட்டியைத் தலைகீழாகப் பிடித்தவன், “மன்னா!” என்ற ஒற்றைச் சொல்லை மறந்தவன், அழ வேண்டிய இடத்தில் சிரித்தவன் ஆகியோரைப் பொறுக்கியெடுத்து, “நீ இந்தக் கயித்தைப் பிடிச்சுக்கோடா” என்று ஓரமாக அனுப்பிவைப்பார் தமிழ் ஐயா. மறு வருடம் ஆள் குறைந்து, மந்திரி வேடம் தருகிறேன் வா என்று அதே ஐயா கூப்பிடும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். “வேற யாரையாவது போடுங்க ஐயா, எனக்கு வேலை இருக்கு” என்பான். தோற்றுப்போனவன் பேசும் பேச்சா இது? பதவியில் இருப்பவர்கள் பேசுவது.

அந்தப் பதவிக்கு முறையான படிகள் உண்டு. ஆறாம் வகுப்பில் ஊக்கு எடுத்துக் கொடுப்பவன். ஏழில் மைதாப் பசை காய்ச்சித் தட்டிகளில் தாள் ஒட்டுபவன். எட்டில் கொட்டாங்கச்சிகளைத் தட்டிக் குதிரை ஓட்டுபவன். ஒன்பதில்தான் திரைக்கயிறு கைக்கு வரும். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வைக் காட்டி வீட்டில் தடை போடுவார்கள். “சும்மா பார்க்கத்தாம்மா போறேன்” என்று கிளம்பியவன் சற்று நேரத்தில் ஏணியின் உச்சியில் இருப்பான். பதினொன்றில் விளக்கும் பிராம்ப்டிங்கும் சேரும். பன்னிரண்டில், தலைமையாசிரியரே தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்து “ஆரம்பிக்கலாமாப்பா?” என்று கேட்பார். பெண்கள் பள்ளிகளிலும் இதே வரிசைதான். அங்கே மீசைச் செலவு மட்டும் அதிகம். அவன் கால்சட்டைப் பையில் நூல்கண்டு, பிளேடு, டெஸ்டர், செல்லோ டேப், சாக்பீஸ் துண்டு எல்லாம் இருக்கும். கும்பினிக்குக் கிஸ்தி கட்ட மறுத்த பாளையக்காரர் அவன் முன்னால் வந்து, “அண்ணா, தண்ணி குடிச்சுக்கட்டுமா?” என்று பணிவாகக் கேட்பார். “மீசை நனையும். ஸ்ட்ரா போட்டுக் குடி.” பாஞ்சாலங்குறிச்சி மறுபேச்சில்லாமல் அடங்கும்.

இதற்கும் மேலான அதிகாரம் ஒன்று அவனிடம் இருக்கிறது. நடிகர்கள் தத்தம் வசனத்தையும் அதற்கு முந்தைய வசனத்தின் வாலையும் மட்டும் அறிவார்கள். முழு நாடகமும் மனப்பாடமாக இருப்பது அவன் ஒருவனுக்கே. கர்ஜனையின் நடுவில் கட்டபொம்மன் திருதிருவென்று விழித்தால், சைடு விங்கிலிருந்து அடுத்த சொல்லை ஊதிவிடுவது அவன். கொஞ்சம் தாமதித்தால் மன்னர் மானம் கப்பலேறும். முன்கூட்டியே கயிற்றை விட்டால் ஜாக்சன் துரையின் தலையில் படுதா விழும். ஒத்திகையில் தன்னை அதட்டிய கதாநாயகனைப் பழிவாங்க இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? ஆனாலும் அவன் பழிவாங்குவதில்லை. பெருந்தன்மை என்று அவசரப்பட்டுப் பட்டம் கொடுத்துவிடக் கூடாது. திரை பாதியில் சிக்கினால் “யாருடா அங்கே?” என்று அரங்கமே அவனைத் தேடும், எல்லாம் சரியாக நடந்தால் யாருக்கும் அவன் நினைவே வராது. ஆகவே அவனுடைய கர்வத்துக்குத் தீனி ஊரார் வாயிலிருந்து வர வழியில்லை. வேலை பிசகாமல் முடிந்தது என்று தனக்குத் தெரிந்திருப்பதே தீனி. அப்படிப்பட்ட கர்வக்காரன் வேண்டுமென்றே வேலையைக் கெடுத்தால் பட்டினி கிடக்கப்போவது அவனேதான். மேலும், கட்டபொம்மன் வரி கொடுக்க மறுத்தது வெள்ளைக்காரனுக்கு மட்டும். கயத்தாற்றுத் தூக்குக் காட்சியில் விளக்கு மங்கும்போது எழும் கைதட்டலில் தனக்குரிய பங்கை, பின்னால் நிற்பவன் மனத்துக்குள் பாக்கியில்லாமல் வசூலித்துக்கொள்கிறான்.

மரபும் அவன் பக்கம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய மேடைக்கு ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று இளங்கோவடிகள் அளவு சொல்கிறார். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததைச் சொல்கிறார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகைத் திரைகளைச் சொல்கிறார். ஆடலாசான் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவர் தகுதியையும் விரித்துரைக்கிறார். அந்த மூன்று திரைகளையும் இழுத்தது யார் என்பது மட்டும் காணோம். ‘மற்றும் உதவியவர்கள்’ அவ்வளவு பழைய குலம். இருபதாம் நூற்றாண்டில் நவாப் ராஜமாணிக்கமும், ‘இலங்கேஸ்வரன்’ போட்ட ஆர்.எஸ். மனோகரும் தந்திரக் காட்சிகளால் பெயர் பெற்றார்கள். தந்திரம் பலித்தது கயிறும் கம்பியும் பிடித்த கைகளால்; அந்தக் கைக்காரர்களைக் கண்டுபிடிக்க முடியாமல் இருந்ததே அவர்கள் வேலையின் வெற்றி.

அடுத்த ஆட்சேபம் வீட்டிலிருந்து வரும்: இதற்கு மார்க் உண்டா? கிடையாது. ஒரு வயரில் எத்தனை விளக்கு மாட்டினால் ஃபியூஸ் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஓம் விதியை எழுதச் சொன்னால் பேனாவைக் கடிப்பான். குணத்திலும் சில கோளாறுகள் ஏறிவிடும். வேறு யாராவது முடிச்சுப் போட்டால் அவிழ்த்துத் திரும்பப் போடுவான். எந்த நாடகத்தையும் அவனால் நிம்மதியாகப் பார்க்க முடியாது. கண்ணகி சிலம்பை உடைக்கும்போது அவன் கண் மேலே தொங்கும் ஃபிரில்லின் சுருக்கத்தில் இருக்கும். இவ்வளவும் உண்மை. இருந்தாலும் இந்தப் பயிற்சி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தாலி கட்டும் நேரத்தில் மேளக்காரருக்குக் கண் காட்டிவிட்டு, ஆல்பத்தில் ஒரு படத்திலும் விழாமல் தப்பிக்கும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அலுவலகத்தில் மேலதிகாரி பேச எழுந்ததும் புரொஜெக்டர் அணைந்துபோனால், அத்தனை தலையும் ஒரே மேசைப் பக்கம் திரும்பும். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவரின் மேசையாக அது அநேகமாக இருக்காது.

இப்போதெல்லாம் கோட்டையும் கொத்தளமும் பென் டிரைவில் வந்து எல்.இ.டி. திரையில் இறங்கிவிடுகின்றன, வசனத்தையும் முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள், பிள்ளைகள் வாயை அசைத்தால் போதும், இனி அவனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அவன் கயிற்றை விட்டு லேப்டாப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டான். அதிகாரம் கூடித்தான் இருக்கிறது. முன்பு மறந்துபோன சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தான். இப்போது கட்டபொம்மனின் குரலே அவன் விரலுக்கடியில். போருக்குப் புறப்படும் நேரத்தில் விண்டோஸ் அப்டேட் குறுக்கிட்டால், வெள்ளையத்தேவனால் ஆவது ஒன்றுமில்லை.

இத்தனை பெருமை உள்ளவனை மேடையேற்றிச் சால்வை போர்த்தலாமே என்று நல்ல மனதுக்காரர்கள் யோசனை சொல்வார்கள். வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பரிசு கிடைக்கும் என்று தெரிந்து நன்றாகச் செய்யப் பள்ளிக்கூடத்தில் ஆயிரம் பாடம் உண்டு; கிடைக்காது என்று தெரிந்தும் நன்றாகச் செய்யப் பழக்குகிற இடம் இது ஒன்றுதான். அதையும் பரிசளிப்பு விழாப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அடுத்த வருடம் கயிற்றுக்கும் போட்டி வைத்துத்தான் ஆள் எடுக்க வேண்டியிருக்கும். நடைமுறைச் சிக்கலும் உண்டு. அவனுக்குச் சால்வை போர்த்தும்போது திரையை யார் இழுப்பது? நம்பி விடும்படியான ஆள் வேறு யாரும் இல்லை என்பது அவனுடைய உறுதியான அபிப்பிராயம்.