நிஜக் கப்பலும் புளுகுக் கப்பலும்

வெள்ளிப் பாத்திரங்களும் கொலு பொம்மைகளும் இருக்க வேண்டிய எங்கள் கூடத்து அலமாரியில் இரண்டு தட்டுகளை ஆகாயக் கப்பல்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எல்லாம் நான் செய்த மாதிரிகள். அட்டை, மூங்கில், ஈர்க்குச்சி, ஃபெவிகால், அலுமினியப் பெயிண்ட். பாதி உண்மையில் பறந்தவை, பாதி கதையில் மட்டும் பறந்தவை. வேண்டுமென்றே கலந்து அடுக்கியிருக்கிறேன். வருகிற விருந்தாளிக்குக் காப்பி ஆறுவதற்குள் ஒரு கேள்வி காத்திருக்கும்: இதில் எது நிஜம், எது புளுகு?

ஒருவரும் தேறியதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. புளுகியவர்கள் யோசித்துப் புளுகியிருக்கிறார்கள். நிஜமாகவே கட்டியவர்கள்தான் நம்பும்படியாகக் கட்டவில்லை.

ஹிண்டன்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 245 மீட்டர் நீளம். தூக்கிச் செல்ல வயிற்றில் 16 பைகளில் இரண்டு லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன், எளிதில் தீப்பற்றும் வாயு. அந்த வயிற்றுக்கு அடியில் ஜெர்மானியர்கள் சுருட்டுப் பிடிக்க ஓர் அறை கட்டினார்கள். ஏறும்போதே தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் பயணிகளிடம் வாங்கி வைத்துக்கொண்டுவிடுவார்கள். அறைக்குள் ஒரே ஒரு மின்சார லைட்டர். வெளியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்து வராதபடி உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி, இரட்டைக் கதவும் வைத்திருந்தார்கள். புகைக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட இது அவர்களுக்குச் சுலபமாகப் பட்டிருக்கிறது.

ரயில்வேயில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் எங்கள் சம்பந்தி. அறையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “சம்பந்தி, இது கதைக் கப்பல். எந்த தேசத்திலும் இப்படி ஒரு வரைபடத்துக்கு எவனும் கையெழுத்துப் போட மாட்டான்” என்றார். போட்டார்கள் என்றேன். 1937 மே 6 அன்று நியூ ஜெர்சியில் லேக்ஹர்ஸ்ட்டில் இறங்கும்போது கப்பல் எரிந்து 36 பேர் இறந்ததையும் சொன்னேன். “அந்த அறையால்தானே?” என்றார். இல்லை, அறைமேல் யாரும் பழி சொல்லவில்லை என்றதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. அதற்குமேல், எடை குறைய வேண்டும் என்று அலுமினியத்தில் பியானோ செய்வித்து, அதற்குப் பன்றித் தோல் உறையும் போட்டு 1936இல் அதே கப்பலில் ஏற்றினார்கள் என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொன்று அமெரிக்கக் கடற்படையின் ஆக்ரன். தன் வயிற்றுக்குள் குட்டிப் போர் விமானங்களை வைத்துக்கொண்டு பறந்த கப்பல். விமானம் திரும்பி வந்து, கப்பலுக்கு அடியில் தொங்கும் கம்பியில் தன் முதுகுக் கொக்கியை மாட்டிக்கொள்ளும். பிறகு அதை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். தினசரி வேலையாகவே இதைச் செய்தார்கள். என் மாதிரியில் அந்தக் கொக்கியை மாட்டத்தான் அதிக நேரம் பிடித்தது, அதுவும் விமானம் நகராமல் நின்றுகொண்டிருக்கும்போது. பார்த்தவர்கள் எல்லாரும் “இது சினிமாவில் வருவது” என்று தள்ளிவிட்டார்கள்.

சான்டோஸ் துமோனின் ஒன்பதாம் எண் கப்பல் என் கைக்குள் அடங்கிவிடும். பிரேசிலில் பிறந்து பாரீஸில் வாழ்ந்த மனிதர். 1901இல் ஐஃபெல் கோபுரத்தைச் சுற்றிவந்து பரிசு வாங்கியவர். 1903இல் இந்தச் சின்னக் கப்பலில் போய் ஷாம்ப்ஸ் எலிசே சாலையில் தன் வீட்டு வாசலில் இறங்கி, அதைக் கட்டிப்போட்டுவிட்டு உள்ளே போய்க் காப்பி சாப்பிட்டிருக்கிறார். சென்னையில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடுகிறவர்களிடம் இதை நிஜம் என்று சொன்னால் நம்புவார்களா?

1910இல் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்ட ‘அமெரிக்கா’ என்ற கப்பலையும் செய்திருக்கிறேன். அதில் கிட்டோ என்று ஒரு பூனை ஏறிவிட்டது. கத்தித் தீர்த்தது. பறக்கும் ஆகாயக் கப்பலிலிருந்து கம்பியில்லாத் தந்தியில் முதன்முதலாகப் போன செய்தியே, இந்தப் பூனையை வந்து எடுத்துக்கொண்டு போ என்று கரையிலிருந்தவரைத் திட்டாத குறையாகக் கேட்டதுதான். கடைசியில் கப்பலைத்தான் நடுக்கடலில் கைவிட்டார்கள். ஆட்களும் பூனையும் ஒரு தபால் கப்பலில் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். என் மாதிரியில் பூனையும் உண்டு. ஒரு கடுகுக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தால் போதும்.

அத்தை வந்திருந்தபோது வேறு சங்கடம். ஹிண்டன்பர்க்கின் வாலில் நாஜிகள் போட்ட சின்னத்தைப் படத்தில் இருந்தபடியே எழுதியிருந்தேன். அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். “சுவஸ்திக்கெல்லாம் போட்டிருக்கே, மங்களகரமான கப்பல். ஒரு சந்தனப் பொட்டு வையேண்டா” என்றாள். விளக்க வேண்டுமென்றால் ஹிட்லரிலிருந்து தொடங்க வேண்டும். அன்று இரவே வாலை வெறும் வெள்ளி நிறமாக்கினேன். பேச்சை மாற்றுகிறேன் என்று பக்கத்திலிருந்த முதல் உலகப் போர்க் காலத்து செப்பலின் ரகக் கப்பலைக் காட்டி, இதன் வாயுப் பைகளெல்லாம் மாட்டுக் குடல் சவ்வால் ஆனவை, ஒரு கப்பலுக்கு இரண்டு லட்சம் மாடுகளுக்கு மேல் வேண்டும், அதனால் ஜெர்மனியில் சாசேஜ் செய்வதற்கே கட்டுப்பாடு இருந்தது என்று சொல்லித் தொலைத்தேன். அத்தை அலமாரிப் பக்கம் திரும்பாமலே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

புளுகுக் கப்பல்களோ, பத்தரை மாற்று. ஜூல் வெர்ன் 1886இல் எழுதிய நாவலில் வரும் ஆல்பட்ராஸுக்கு 37 கொடிமரங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு விசிறிகள். வாயுவே வேண்டாம். உடம்பு எதனால் ஆனது என்றும் எழுதிவைத்திருக்கிறார்: காகிதத்தை மாவுப் பசையில் ஊறவைத்து அழுத்திச் செய்தது. நானும் காகிதமும் மைதாப் பசையும்தான் வைத்திருக்கிறேன். ஆக, என் அலமாரியிலேயே மூலப்பொருள் மாறாமல் செய்த ஒரே கப்பல் இதுதான். வந்தவர்கள் அத்தனை பேரும் இதைத்தான் நிஜம் என்று கை காட்டுகிறார்கள். “எத்தனை விசிறி! ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும்” என்று சம்பந்தி இதற்கு மட்டும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்.

நம் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியும் உண்டு. மயில் வடிவம், ஆகவே சட்டப்படி இது கப்பல் இல்லைதான். ஆனாலும் விட மனம் வரவில்லை. அரசன் சச்சந்தன் தன் கர்ப்பிணி மனைவி விசயைக்காகச் செய்வித்தது. பொறியை வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். நூலாசிரியர் திருத்தக்கதேவர் பொருள்களையும் வரிசையாகக் கொடுத்திருக்கிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. ஹிண்டன்பர்க் செய்ததைவிட எனக்கு இது சுலபமாக இருந்தது. ஏழே நாளில் முடித்துக் கொடுத்தார்கள் என்று வருகிற இடத்தில்தான், வீட்டில் தச்சு வேலை செய்வித்தவர்கள் எல்லாரும் இது கற்பனை என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஆர்101 மாதிரியைக் காட்டி மட்டும் நான் கேள்வி கேட்பதில்லை. பிரிட்டிஷ் அரசு கட்டியது. எடை கூடிப்போனதால், முடிந்த கப்பலை நடுவில் வெட்டி இன்னொரு துண்டையும் வாயுப் பையையும் செருகினார்கள். மாதிரி செய்கிறவன் அளவு தப்பினால் செய்கிற வேலை அது. அப்படியே இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். அன்றைய இந்தியாவின் கராச்சியில் அதற்கென்று பிரம்மாண்டமான கொட்டகை தயாராக நின்றது. நாசிக்கில் பிறந்த விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபுவும் ஏறினார். 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் பொவே அருகே விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் இறந்தார்கள். கராச்சிக் கொட்டகைக்குள் எந்தக் கப்பலும் நுழையவில்லை.

பரணுக்குக் கீழே நூலில் தொங்கும் பெரிய ஹிண்டன்பர்க்கைப் பார்த்துவிட்டு, எங்கள் பேரன் கேட்டான்: “தாத்தா, இதுல கேஸ் அடைச்சா பறக்குமா?” அளவு 200க்கு ஒன்று, நீளம் நாலு அடிக்குச் சற்று மேல். பென்சிலை எடுத்தேன். நீளம் 200 மடங்கு குறையும்போது தோல் 40,000 மடங்கு குறைகிறது, வயிறோ 80 லட்சம் மடங்கு குறைந்துவிடுகிறது. இரண்டு லட்சம் கன மீட்டர் வெறும் 25 லிட்டர் ஆகிறது. ஒரு லிட்டர் ஹீலியம் சுமார் ஒரு கிராம் தூக்கும். 25 கிராம் என்றால் ஐந்து ஏ4 தாள். தோலைப் போர்த்தவே பத்துத் தாளுக்கு மேல் வேண்டும். எலும்புக்கூடு, துடுப்பு, இன்ஜின், சுருட்டு அறை எல்லாம் தனி. “அப்போ பெருசா செய்யுங்க” என்றான். செப்பலின் கப்பல்களைத் தொடங்கிவைத்த கவுண்ட் செப்பலினும் இதே முடிவுக்குத்தான் வந்தார். 1900இல் அவர் பறக்கவிட்ட முதல் கப்பலே 128 மீட்டர்.

பெரிதாகச் செய்ய எனக்கும் ஆசைதான். தடை எங்கே என்றால் ஈர்க்குச்சியில். ஹிண்டன்பர்க்கின் உடம்பு 36 பட்டை. மூக்கிலிருந்து வால் வரை 36 குச்சிகள் ஓட வேண்டும், ஒரு குச்சி நீளம் போதாது, ஒட்டுப் போட வேண்டும். தேர்ந்தெடுத்து உருவினால் ஒரு கப்பலுக்கு ஒரு முழுத் தென்னந்துடைப்பம் காலி. “வாசல் பெருக்க வாங்கினதெல்லாம் பரணுக்குக் கீழே பறக்குது” என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். புதுத் துடைப்பம் இப்போது பூட்டுக்குள்.

ஆகவே ஒரு விண்ணப்பம். தோட்டத்தில் தென்னை உள்ளவர்கள், ஓலை விழுந்தால் ஈர்க்கைச் சீவி எடுத்துவைத்துச் சொல்லியனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். மூன்று அடிக்குக் குறையாமல், வளையாமல் இருக்க வேண்டும். விளக்குமாறாகக் கட்டிவிடாதீர்கள், அவிழ்ப்பது கஷ்டம்.