வாட்டம் எந்தப் பக்கம்?

வாசலில் கார் நிறுத்தத் தரை போட வந்த மேஸ்திரி முதலில் கேட்டது இதைத்தான்: "வாட்டம் எந்தப் பக்கம் சார்?"

சென்னையில் இதற்கு யாரும் யோசிப்பதில்லை. ரோட்டுப் பக்கம். நம் கேட்டைத் தாண்டிவிட்டால் அது அரசாங்கத் தண்ணீர்.

முறையாகச் செய்வதென்றால் மேல் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, அரையடிக்கு ஒருமுறை திமிசு போட்டு இறுக்க வேண்டும். பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம். ஓரமாக, மழை இறங்க ஒரு குழி. ஆனால் இதெல்லாம் மண்ணுக்குள் மறைந்துபோகும் செலவு. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர் கண்ணில் படாது. ஆகவே இடித்த வீட்டின் ரப்பிஷைக் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டுகிறோம். ஒரு பிடி மண் வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல். மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கிய மாநிலம் இது. சேகரிப்புக் குழி உண்டா? உண்டு. அதன் மேல்தான் செருப்பு ஸ்டாண்ட் நிற்கிறது.

கேட்டுக்கு வெளியே சாய்தளம். அதில் நமக்குச் சொந்தம் ஒரு சாண், மிச்சம் தெருவுடையது. அதற்கடியில் வடிகாலுக்கு ஒரு வாய் இருந்தது. கொசு வருகிறதென்று சிமென்ட் வைத்துப் பூசியாயிற்று. மழை வந்தால் மாநகராட்சியைத் திட்டுவோம்.

திட்டத் தகுந்த மாநகராட்சிதான், சந்தேகமில்லை. என் வீட்டுக்குள் ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போனோம். இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். வீட்டை நாங்கள் தொடவே இல்லை; ரோடுதான் ஏறியது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே எழுதினார். சுரண்டல் நடக்கிறது. ரோட்டில்தான் இல்லை.

அடுத்தது வடிகால். தெருவைவிட ஒரு முழம் உயரத்தில் கான்கிரீட் பெட்டி. தண்ணீர் அதற்குள் போக வேண்டுமென்றால் முதலில் தாண்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஊருக்கும் ஒரு வாட்டம் இருந்தது. தென்சென்னை ஏரிகள் நிரம்பி வழிந்தால் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடல். எந்த எஞ்சினியரும் போடாத வாட்டம், ஒரு டெண்டரும் விடாத வாட்டம். அந்தப் பள்ளத்தில் அரசு கட்டடம் கட்டியது, தனியார் அடுக்குமாடி கட்டினார்கள், பெருங்குடிப் பக்கம் மாநகராட்சியே குப்பையைக் கொட்டி மலையாக்கியது. 2015-ல் படகு வந்தது. எட்டே வருடத்தில், 2023 டிசம்பரில், மறுபடி வந்தது. இரண்டு தடவையும் "எதிர்பாராத மழை" என்றார்கள். டிசம்பரில் சென்னையில் மழையை எதிர்பார்க்காதவருக்குச் சம்பளம் எதற்கு?

இப்போது புதுத் தொழில் ஒன்று செழிக்கிறது: வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது. அடித்தளத்தை அறுத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வரிசையாக வைத்து, நூல் நூலாக ஏற்றுகிறார்கள். ரோடு ஏற ஏற வீடும் ஏறுகிறது.

போன வாரம் ஒருவரை வரவழைத்தேன். வாசலை அளந்தார், தெருவை அளந்தார்.

"மூணடி போதும் சார். இல்ல, அடுத்த ரோட்டுக்கும் சேர்த்தே தூக்கிடவா?"