முதல் ஷிப்டின் ஐந்திணை: பொழுது குறித்த ஓர் ஆய்வு

ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகிறவனுக்கு மத்தியானத்துக்கு மேல் ராஜ வாழ்க்கை என்பது ஜெனரல் ஷிப்ட் அறிஞர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கோட்பாடு. ஒன்பதரைக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் வீடு திரும்பும் இவர்கள், மாலை நான்கு மணிக்கு லுங்கியோடு தெருவில் நிற்கும் ஒருவனைப் பார்த்து, "உனக்கென்னப்பா!" என்று பெருமூச்சு விடுவதோடு ஆய்வை முடித்துக்கொள்கிறார்கள். பெருமூச்சு ஆய்வு முறையாகாது. ஆகவே இக்கட்டுரை, தாம்பரத்தில் குடியிருந்து ஒரகடம் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் காலை 6 முதல் பிற்பகல் 2.30 வரை நிற்கும் ஒருவனின் நாளை, பொழுதைப் பகுப்பதில் இன்றுவரை எவரும் மிஞ்சாத தொல்காப்பியரின் துணைகொண்டு ஆராய்கிறது. அகத்திணையில் தலைவனின் பெயரைச் சொல்வது மரபன்று. கம்பெனியின் பெயரைச் சொல்வது தலைவனின் வேலைக்கு நல்லதன்று. இரண்டும் தவிர்க்கப்பட்டன.

முன்னாய்வுகளும் அவற்றின் போதாமையும்

எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று நாளை மூன்றாகக் கூறுபோட்டவர், ஸ்காட்லாந்தில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன். அந்த எட்டு மணிக்காக உலகெங்கும் நடந்த போராட்டத்தின் நினைவாக, 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி, நாளொன்றுக்கு 9 மணி என்று வரம்பு கட்டியது. எல்லாரும் எத்தனை மணி என்று கேட்டார்களே ஒழிய, எந்த மணி என்று கேட்கவில்லை. ஓவனுக்குக் கம்பெனி பஸ்ஸும் தெரியாது.

கடிகாரமும் நம்பத்தக்கதன்று. 1906 முதல் நடப்பிலுள்ள இந்தியத் திட்ட நேரம், உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. அங்கே ஆறு அடிக்கும்போது சென்னைச் சூரியனுக்கு மணி 5.51; கோயம்புத்தூர்ச் சூரியனுக்கு 5.38. ஆக, கோவை மில்லில் ஆறு மணி ஷிப்டுக்கு நிற்பவர் நாள்தோறும் 22 நிமிடத்தை மிர்சாபூருக்குத் தானமாகத் தருகிறார். இதற்கு ஓ.டி. கேட்ட தொழிற்சங்கம் எதுவும் நம் பார்வைக்கு வரவில்லை.

மருதம்

மருதத்துக்கு உரிய பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். இவ்விரண்டையும் ஏன் சேர்த்தார்கள் என்று உரையாசிரியர்கள் பலவாறு விளக்குவர். நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கொரு முறை தள்ளிப்போடும் கணவனோடு ஒரே அறையில் படுத்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பழம்பாடல்களில் ஊடலுக்குப் பரத்தை காரணம், இங்கே செல்போன். "ஏங்க, ஒண்ணு எந்திரிங்க, இல்ல அதை நிறுத்துங்க" என்பது தலைவி கூற்று. வாயில் மறுத்தல் என்னும் துறையும் இங்கே தலைகீழாகிறது: உள்ளே வருகிறவனுக்குக் கதவடைத்த மரபு போய், வெளியே போகிறவனின் பின்னால் வந்து தாழ்போடத் தலைவி மறுக்கிறாள். அவன் வெளியே பூட்டிச் சாவியை ஜன்னல் வழியே உள்ளே போடுகிறான்.

பாலை

பொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிதல். நண்பகலுக்குக் காத்திராமல் விடியுமுன்பே கொண்டுபோவது கம்பெனி பஸ். அதில் நாற்பது பேர் வாய் திறந்து உறங்குவது, உடல் வெப்பநிலை விடியலுக்கு முந்தைய மணிகளில் மிகத் தாழும் என்ற உடலியல் உண்மைக்கு நடமாடும் சான்று. ஜனவரியில் சென்னையில் சூரியன் எழ ஆறரை ஆகிவிடும்; தலைவன் அதை வரவேற்கும் நிலையில் இருப்பதில்லை, உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். பத்தரைக்கு கேன்டீனில் சாம்பார் சாதம். அரை மணி உணவு இடைவேளை பழைய வழக்கு. பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, போதாத சாப்பாட்டு நேரமும் அவர்களுடைய முதன்மையான குறைகளில் ஒன்று. ஆனால் பத்தரைக்குப் பசிப்பதெப்படி என்ற வினா அன்றும் எழவில்லை, இன்றும் எழவில்லை.

நெய்தல்

பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரை எற்பாடு. எல்லாரும் பொறாமைப்படும் அந்தப் பொழுது இதுதான். இதற்குத் தொல்காப்பிய மரபு வகுத்த உரிப்பொருள் இரங்கல், அதாவது புலம்பல். முன்னோரின் தீர்க்கதரிசனம் வியக்கத்தக்கது.

தலைவன் மூன்றே முக்காலுக்கு வீடு சேர்கிறான். இங்கே நம் ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு: முதல் ஷிப்ட்காரனின் மாலை புறம்போக்கு நிலம். பட்டா அவன் பெயரில் இல்லை. யார் வேண்டுமானாலும் குடிசை போடலாம். சிலிண்டர்காரன் வருவான், இருந்து வாங்க வேண்டும். பையனை ஸ்கூலிலிருந்து ட்யூஷனுக்கு மாற்ற வேண்டும். அம்மாவின் மாத்திரை, மாமனாரின் ஆதாரில் கைரேகைப் புதுப்பிப்பு, மாடி வீட்டுக்காரரின் கூரியர் எல்லாம் இந்நிலத்தில் முளைக்கும். வங்கிக்கு மட்டும் போக முடியாது. அவன் படியேறும்போது ஷட்டர் இறங்கும். மைத்துனர் போனில் சொல்வார்: "மச்சான், நீங்க சும்மாதானே இருக்கீங்க, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் ஒரு எட்டு போய்ட்டு வாங்களேன்."

"சும்மாதானே" என்பது இத்திணையின் கருப்பொருள். நாலு மணிக்கு எழுந்தது யாருக்கும் தெரியாது, ஏனெனில் அப்போது எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு அவன் வீட்டில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். தெருமுனையில் ஓய்வுபெற்ற பெரியவர் கேட்பார்: "என்ன தம்பி, வேலை போயிடுச்சா?"

இந்நேரத்தில் நண்பனோடு டீ குடிக்கலாமே என்பது ஒரு சாராரின் வாதம். நண்பர்கள் ஜெனரல் ஷிப்டில் இருக்கிறார்கள். டீக்கடை திறந்திருக்கிறது, டீ மட்டும்தான் இருக்கிறது.

முல்லை

மாலையின் உரிப்பொருள் இருத்தல், காத்திருத்தல். மரபில் தலைவி காத்திருப்பாள், இங்கே தலைவன். எல்லாரும் வீடு திரும்பிக் கலகலப்பு கூடும் எட்டு மணிக்கு அவனுக்குப் படுக்கை நேரம் நெருங்கிவிடும். கல்யாண ரிசப்ஷனுக்கு ஆறரைக்கே போய்விடுவான். மண்டபத்தில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சவுண்ட் சர்வீஸ் பையனும் இவனும். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வர எட்டரை ஆகும் என்பதால், மொய்க்கவரைக் கண்ணில் பட்ட பெரியப்பாவிடம் கொடுத்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, மணமக்களை வாசல் பேனரில் மட்டும் பார்த்து வீடு திரும்புவான். அவன் வரவில்லை என்ற பழி அந்தக் குடும்பத்தில் பல ஆண்டுகள் நிற்கும்.

குறிஞ்சி

யாமத்துக்கு உரியது புணர்தல். கட்டுரையின் கண்ணியம் கருதிச் சுருக்கமாகவே சொல்வோம். ஒன்பதுக்குப் படுக்கிறான், வழக்கமான உறக்க நேரத்துக்கு முந்தைய மணிகளில் படுத்தால் தூக்கம் பிடிக்காது என்பதால் சீரியல் வசனத்தைச் சுவர் வழியே கேட்டுக்கொண்டிருக்கிறான். தலைவி பாத்திரம் கழுவி, பையனின் யூனிஃபார்ம் தேடி, பத்தரைக்கு அறைக்குள் வரும்போது குறட்டை. குறிதவறித் தலைவனும் தலைவியும் சந்திக்காமல் போவதை அல்லகுறிப்படுதல் என்பர். பழைய தலைவன் வந்தும் காணாமல் மீண்டான். இவன் போகவே இல்லை.

முடிவும் பரிந்துரையும்

ஷிப்ட் எட்டரை மணி, பஸ் இரண்டரை மணி, உறக்கம் ஏழு மணி போக மிச்சம் 6 மணி நேரம். அதே தூரம் போய்வரும் ஜெனரல் ஷிப்ட்காரனுக்கும் அதே 6 மணிதான். கூட்டல் கழித்தலில் இருவரும் சமம். ஆனால் அவனுடைய ஆறு மணி நேரம் ஊரோடு ஒத்துப்போகிறது; இவனுடையது ஊர் வேலையில் இருக்கும்போது வருகிறது, ஊர் வீடு திரும்பும்போது தீர்ந்துபோகிறது. ஓய்வு நேரத்தை மணியால் அளப்பது பிழை. அந்நேரத்தில் நம்மோடு சேர்ந்து எத்தனை பேருக்கு ஓய்வு என்பதே சரியான அளவை.

இதை மேலும் உறுதிசெய்யக் களப்பணி தேவைப்படுகிறது. நிதியுதவி வேண்டாம். வேலைநாளில் மாலை நான்கு மணிக்கு டீ குடிக்க வரக்கூடிய ஓர் ஆய்வு உதவியாளர் போதும். டீக்காசைத் தலைவனே கொடுத்துவிடுவான்.