இருபத்தெட்டைவிடச் சின்னது இருபத்தொன்பது

டூரிங் சைக்கிள் என்று கடையில் கேட்டால் சொல்கிற விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். பாகம் பாகமாகத் தேடிப் பிடித்து நாமே பூட்டினால் பாதி விலைதான் ஆகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. தாளில் போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

பிரேமுக்குப் பஞ்சமில்லை. தொண்ணூறுகளில் வந்த ஸ்டீல் மவுன்டன் பைக், அதாவது எம்.டி.பி. ஒன்று காயலான் கடையில் எடைக்கே கிடைத்தது. தூரப் பயணத்துக்கு ஸ்டீல்தான் தோது. விழுப்புரம் தாண்டி எங்காவது விரிசல் விட்டால், கேட்டுக்கும் கலப்பைக்கும் வெல்டிங் வைக்கிறவரே ஒட்டிக் கொடுத்துவிடுவார். அலுமினியத்தைக் காட்டினால் டீ குடிக்கப் போய்விடுவார்.

வில்லங்கம் சக்கரத்தில்தான். "இருபத்தாறு டயர் ஒண்ணு குடுங்கண்ணே."

"எந்த இருபத்தாறு சார்?"

நியாயமான கேள்வி. லேடீஸ் சைக்கிளின் 26 x 1⅜ டயர் உட்காரும் ரிம் 590 மில்லிமீட்டர். எம்.டி.பி.யின் இருபத்தாறுக்கு ரிம் 559. பெயர் ஒன்று, ஆனால் ஒன்றில் மற்றது ஏறாது. தாத்தா காலத்துக் கறுப்பு வண்டியின் 28 இன்ச் ரிம் 635. இன்றைக்குப் பந்தாவாக விற்கும் 29 இன்ச் ரிம்மோ 622. ஆமாம், இருபத்தொன்பதுதான் சின்னது. காற்றடித்த டயரின் வெளி விட்டத்தை அந்தக் காலத்தில் உத்தேசமாக இன்ச்சில் சொன்னார்கள். பிறகு டயர் இளைத்தது, பருத்தது. பெயரை மட்டும் யாரும் விடவில்லை.

கியர் கதை அரசியல். ஷிமானோ கம்பெனி கியர் லீவர் ஒரு சொடுக்குக்கு இழுக்கிற கேபிளின் நீளம் வேறு, போட்டிக் கம்பெனி ஸ்ராமின், செயினை மாற்றும் டெரெய்லர் எதிர்பார்க்கிற நீளம் வேறு. இரண்டையும் ஒரே வண்டியில் மாட்டினால் மேடையில் கைகோத்துவிட்டுத் தொகுதியில் கழுத்தறுக்கும் கூட்டணிதான். கடைசியில் சொடுக்கே இல்லாத பழைய பிரிக்‌ஷன் லீவரிடம் சரணடைந்தேன். அதற்குக் கொள்கை கிடையாது, யாரோடும் ஒத்துப்போகும்.

பாகங்கள் மலிவு என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவற்றைக் கழற்றும் சாமான்களைப் பற்றித்தான் வாயே திறக்கவில்லை. கிராங்க்கை உருவ ஒரு புல்லர், ப்ரீவீலுக்கு ஒரு ரிமூவர், செயின் கட்டர். கிராங்க் அச்சைத் தாங்கும் பிபி கப்பைக் கழற்றத் தனிச் சாவி வேறு. அதிலும் வலப்பக்கக் கப்புக்கு மரை தலைகீழ். வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனுக்கு இந்தச் சாவிகள் எதுவும் கிடையாது. ஒரு உளி, ஒரு சுத்தியல். "தள்ளி நில்லுங்க சார்" என்றார், கப்பு கழன்றுவிட்டது. வாங்கிய சாவியை அவர் கண்ணில் படாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வண்டி இப்போது முழுசாக நிற்கிறது, சீட் ஒன்றைத் தவிர. உங்கள் வீட்டில் 27.2 மில்லிமீட்டர் சீட் போஸ்ட் சும்மா கிடந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். 26.8 வேண்டாம். அது என்னிடமே நிறைய இருக்கிறது.