சுருதி 230, சங்கதி 364

பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள், எங்கள் பகுதி மின் பிரிவு அலுவலகம்.

பொருள்: தங்கள் கச்சேரியைக் கேட்டு மெய்சிலிர்த்தது – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: சென்ற ஐப்பசி அடைமழையில், இரவு ஏழரை மணிக்கு, என் ஆம்ப்ளிஃபையரிலிருந்து வந்த புகை.

ஐயா,

உங்கள் அலுவலகத்தில் சங்கீத ஞானம் உள்ளவர்கள் இருப்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பில் கட்டும் ஜன்னலோடு திரும்பிவிடுகிறவனுக்கு உள்ளே நடக்கும் சாதகம் எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வரும் கரண்டுக்குச் சுருதி 230 வோல்ட். 1956ஆம் வருடத்து இந்திய மின்சார விதிகள் இதற்குக் கமகமும் அளந்து கொடுத்திருந்தன. மேலே 6 சதவீதம், கீழே 6 சதவீதம். அதாவது 216க்கும் 244க்கும் நடுவே குரல் அசையலாம். அதிர்வெண் 50 உங்கள் கையில் இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியாகத் தென்னக மின்தொகுப்பை மற்றவற்றோடு சேர்த்தபின் நாட்டுக்கே ஒரே சுருதிப்பெட்டி. அதில் கை வைக்க முடியாத ஏக்கத்தை வோல்டேஜில் தீர்த்துக்கொள்கிறீர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் 170, மந்தர ஸ்தாயி. ஊர் அடங்கியபின் 255. இதுவரைக்கும் நான் கேட்டுப் பழகியதுதான்.

அன்றைக்கு நீங்கள் எடுத்தது வேறு. பாடகர் எம்.டி. ராமநாதனின் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. சவுக்க காலத்தில் ஒரு அடி வைத்துவிட்டு அடுத்த அடியை அவர் யோசித்துக்கொண்டிருந்த இடைவெளியில், கூடத்து பல்பு கல்யாண வீட்டு விளக்குபோல் பிரகாசித்தது. பிறகு 'டப்'. பிறகு நெடி.

மழை விட்டதும் லைன்மேன் கம்பம் ஏறினார். இறங்கி வந்து "நியூட்ரல் விட்டுப்போச்சு சார்" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஈரக் கம்பத்தில் கையுறை இல்லாமல் ஏறுகிறவரிடம் ஆம்ப்ளிஃபையரைப் பற்றிப் புலம்பக் கூச்சமாக இருந்தது.

நியூட்ரல் போனால் என்ன ஆகும் என்பதை அதன்பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் தெருவுக்கு மூன்று பேஸ் வருகிறது (ஸ்பீக்கரில் அதிரும் பேஸ் வேறு). ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230. ஆனால் ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவே 400. நியூட்ரல் அறுந்ததும் என் வீடும் எதிர்வீடும் அந்த 400இல் ஒரே சரட்டில் கோத்த மணிகளாகிவிடுகின்றன. லோடு அதிகம் உள்ள வீட்டுக்கு வோல்டேஜ் குறைவு, லோடு குறைந்த வீட்டுக்கு அதிகம். எதிர்வீட்டில் 2000 வாட் கீசர். என் வீட்டில் ஆம்ப்ளிஃபையர், பல்பு எல்லாம் சேர்த்து 200 வாட். காகிதக் கணக்குப்படி அவருக்கு 36 வோல்ட், எனக்கு 364. அவர் பச்சைத் தண்ணீரில் குளித்தார். என் ஆம்ப்ளிஃபையர் அக்கினிப் பிரவேசம் செய்தது. சிக்கனமாக மின்சாரம் பயன்படுத்தச் சொல்லி நீங்கள் சுவரில் எழுதி வைத்திருப்பதை அன்றிலிருந்து சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

என் ஆம்ப்ளிஃபையர் ரிச்சி தெருவில் பொருள் வாங்கி அசெம்பிள் செய்தது. உள்ளே டிரான்ஸ்பார்மர் 24 வோல்ட் கொடுக்கும், டி.சி.யாக்கினால் 34. கெப்பாசிட்டர் தாங்குவது 50. நீங்கள் 364 அனுப்பினால் அது 54 ஆகிறது. கெப்பாசிட்டர் வாயைப் பிளந்தது, 3055 நம்பர் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் ஆயின, டி.சி. நேரே ஸ்பீக்கருக்குள் போய் வாய்ஸ் காயிலைக் கருக்கியது. பியூஸ் என்ன செய்தது என்று கேட்பீர்கள். அடிக்கடி போகிறதே என்று மெக்கானிக் அந்த இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தார். குற்றத்தில் என் பங்கு அவ்வளவு.

மற்றபடி நான் பாதுகாப்பில்லாமல் இருந்தவனல்ல. சிவப்பு விளக்கு எரியும் ஸ்பைக் பஸ்டர் இருந்தது. அதற்குள் காசு அளவில் ஒரு வில்லை, பெயர் வேரிஸ்டர். மின்னல் அடித்தால் மைக்ரோ செகண்டுகளில் பாயும் அடியை அது தின்றுகொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் ஆயுள் குறையும். விளக்கு மட்டும் கடைசிவரை சிவப்பாகவே எரியும். நிமிடக் கணக்கில் 364 வந்தால் வில்லையே முதலில் வேகும். வெந்தது. அதோடு, அது பாதி அடியையாவது எர்த்தில்தான் தள்ள வேண்டும். என் பிளக்கின் மூன்றாவது பின்னை, ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறதென்று என் மைத்துனர் என்றோ ஒடித்துவிட்டிருந்தார். உறுமல் நின்றது உண்மை.

ஸ்டெபிலைசர் பிரிட்ஜுக்கு இருந்தது. ரிலேயின் 'டிக் டிக்' ஸ்பீக்கரில் கேட்கிறதென்று ஆம்ப்ளிஃபையருக்குப் போடவில்லை. வோல்டேஜ் எகிறியதும் ஸ்டெபிலைசர் கட் ஆகி, பிரிட்ஜிலிருந்த தோசை மாவு பிழைத்தது.

இப்போது உப்பும் கரியும் போட்டு எர்த் குழி தோண்டியிருக்கிறேன். கோடையில் தினம் ஒரு குடம் தண்ணீர், குலதெய்வத்துக்குக்கூட இவ்வளவு ஊற்றியதில்லை. 270ஐத் தாண்டினால் இணைப்பைத் துண்டித்து, சீரானபின் சிறிது நேரம் பொறுத்துக் கொடுக்கும் ரிலே ஒன்றை மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். நியூட்ரல் விட்டால் காப்பாற்றுவது இந்த மாதிரி ஒன்றுதான் என்பதை யாரும் முன்பே சொல்லவில்லை. இடி இடித்தால் கேபிள் டி.வி. ஒயரையும் சேர்த்துப் பிடுங்குகிறேன். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

உங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்தபோது, "மீட்டர் வரைக்கும்தான் எங்க பொறுப்பு, உள்ளே நடக்கிறது உங்களோடது" என்றார்கள். அறுந்த இடம் மீட்டருக்கு வெளியே, கம்பத்தின் உச்சியில், என்றேன். "அது இயற்கை" என்றார்கள். 2003ஆம் வருடத்து மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் குறைதீர் மன்றம் என்று ஒன்று இருக்கிறதே என்றதும் ஒரு படிவம் கிடைத்தது. அதில் 'சேதமடைந்த பொருள்' என்ற கட்டம் ஒரு விரல் அகலம். எம்.டி. ராமநாதன் அதற்குள் அடங்க மாட்டார்.

ஆகவே இழப்பீடு கேட்கவில்லை. கம்பத்தின் உச்சியில் நியூட்ரல் அறுந்த முடிச்சில் கம்பியை முறுக்கிவிட்டுப் போகாமல் ஒரு கிளாம்ப் போட்டுக் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால், அடுத்த உருப்படி எடுக்குமுன் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ரசிகன்.

இணைப்பு: வாய் பிளந்த கெப்பாசிட்டர் ஒன்று. கருகிய நியூட்ரல் கம்பித் துண்டை மட்டும் அனுப்பவில்லை. சென்ற வாரம் லைன்மேன் வந்து, ஒட்டுப்போட ஒரு சாண் குறைகிறதென்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.