பென்னிகுவிக்குக்குத் தேதி, தாத்தாவுக்குப் பாக்கி

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்த தேதியைச் சொல்லிவிடும்: 1841 ஜனவரி 15. பொங்கலையொட்டியே வருவதால் பானையும் கரும்புமாகக் கொண்டாடிவிடுகிறோம். என் கொள்ளுத்தாத்தா எப்போது பிறந்தார் என்று பொட்டிப்புரத்தில் பெரியப்பாவைக் கேட்டேன். "பெரியாத்துத் தண்ணி வந்த வருசம்ப்பா" என்றார். 1895! நான் எழுதி முடிப்பதற்குள், "இல்லாட்டி ரெண்டு வருசம் முன்னப்பின்ன" என்று சேர்த்துக்கொண்டார்.

வெள்ளைக்காரனுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் அந்தந்த ஊர்ச் சர்ச்சில் வாராவாரம் எழுதி, நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். புது வரிக்கு அடிபோடுகிறார்கள் என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். கணக்கெடுக்க ஆள் வந்தால் ரேஷன் கார்டை ஒளித்துவைக்கும் எங்கள் ஊருக்கு அவர்கள் இளைத்தவர்கள் அல்லர். சந்தேகமும் வீண்போகவில்லை. 1783இல் பதிவுக்கு 3 பென்ஸ் வரி வந்தே விட்டது!

இந்தியாவில் பிறந்து, மணந்து, மடிந்த வெள்ளைக்காரர்களையும் விடவில்லை. பம்பாய், மதராஸ், வங்காள மாகாணச் சர்ச்சுப் பதிவுகளின் நகல்கள் கப்பலேறி லண்டன் போயின. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

பென்னிகுவிக் பிறந்தது பூனாவில். 1911இல் காலமானவரை அடக்கம் செய்தது இங்கிலாந்தில், ஃபிரிம்லி சர்ச் வளாகத்தில். ஆனால் அவர் வம்சத்தைத் தேடினாலும் தலை சுற்றும். 1849இல் சிலியன்வாலா போரில் இறந்த அப்பா ஜான். அணை கட்டியவர் ஜான். நீதிபதியான மகனும் ஜான். எங்கள் வீட்டுக் கருப்பசாமிகளாவது ஒரு தலைமுறை விட்டுத்தான் வருவார்கள்.

எங்கள் பக்கம் பிறந்தநாள் வைத்தது வாத்தியார்தான். கையைத் தலைக்கு மேல் சுற்றி மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது. பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில் ஒரு தேதி. என் பெரியப்பா, சித்தப்பா அத்தனை பேரும் ஜூனில்தான் பிறந்தார்கள். பள்ளிக்கூடமே போகாத கொள்ளுத்தாத்தாவுக்கு அதுவும் இல்லை.

எங்கள் ஊர் அம்பரப்பர் மலைக்கடியில் 50,000 டன் இரும்பை அடுக்கி நியூட்ரினோவை ஆராயத் திட்டம் போட்டார்கள். பூமியையே ஊடுருவி, எதிலும் ஒட்டாமல் போகிற துகள் அது. கொள்ளுத்தாத்தாவும் எந்தக் காகிதத்திலும் ஒட்டாமல் அப்படித்தான் போயிருக்கிறார்.

கடைசியில் அவர் அகப்பட்டது தேவாரத்துச் சம்பந்தி வீட்டுப் பரணில், ஒரு பழைய மொய் நோட்டில். பிள்ளையார் சுழி, மஞ்சள் கறை, பூச்சி அரித்த ஓரம், அதற்குள் மை பரவிய ஒரு வரி: 'பொட்டிப்புரம் கருப்பசாமி, ரூ. 1'. எங்கள் ஆட்கள் பிறப்பையும் இறப்பையும் எழுதிவைக்கவில்லை, கொடுத்ததை எழுதிவைத்திருக்கிறார்கள்.

செல்போனில் படம்பிடித்து வந்து பெருமையாகக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டி, வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவருக்குத் தாத்தா அல்லவா, கண் கலங்குமென்று காத்திருந்தேன்.

"இந்த மொய்ய அவுக இன்னும் திருப்பிச் செய்யலையேப்பா" என்றார். "ஒம் மகளுக்குக் காதுகுத்து எப்ப?"